சாரணியர் குழுப்பாட்டு: ஒரு வரலாற்று நோக்கு

மக்கள் கூடிய இடந்தோறும் பாட்டு உண்டு. நாற்று நடுகின்றவர்க்கு ஒரு பாட்டு, வலை இழுக்கின்றவர்க்கு ஒரு பாட்டு, தொட்டிலாட்டும் தாய்க்கு ஒரு பாட்டு என நம் முன்னோர் எத்தொழிலையும் பாட்டோடு இணைத்தே செய்து வந்தனர். ஆயினும், பெண்பிள்ளைகள் தமக்கென ஓர் இயக்கத்திற் சேர்ந்து, சீருடை அணிந்து, பாசறையில் தீ மூட்டி, அதனைச் சூழ இருந்து பாடும் வழக்கம் நூறாண்டுக்குச் சற்றே மேற்பட்ட வயதுடையது. அவ்வழக்கம் எங்ஙனம் வேரூன்றியது, அப்பாடல்கள் எவ்வழியாற் கடல் கடந்தன, அவற்றை ஆக்கியோரின் பெயர்கள் என்னவாயின என்னும் மூன்று வினாக்களை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றுள் மூன்றாவது வினாவே தலையாயது. அது பிறநாட்டாரை மட்டுமன்றி நம்மையும் தொடுவது.

இயக்கத்தின் தோற்றம்

பேடன் பவல் பிரபு 1908ஆம் ஆண்டிற் சாரணியம் பற்றிய தமது நூலை வெளியிட்டபோது, அதனை ஆண்பிள்ளைகளுக்கென்றே எழுதினார். அந்நூலிலேயே, தீயைச் சுற்றிக் கூடியிருந்து பாடுதற்கென ஆபிரிக்காவின் சூலு மக்களிடமிருந்து தாம் கேட்டறிந்த ஒரு கூட்டுப்பாட்டையும் சேர்த்திருந்தார். எனவே சாரணியம் பிறந்தபொழுதே பாட்டும் உடன் பிறந்தது எனலாம்.

ஆனால், நூல் ஆண்களுக்கென்று எழுதப்பட்டதைப் பெண்பிள்ளைகள் பொருட்படுத்தினாரல்லர். 1909ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டன் கிறிஸ்டல் மாளிகையில் நடைபெற்ற சாரணர் பேரணிக்கு, எவரும் அழையாமலே, சாரணர் தொப்பியும் தடியுமாகச் சில பெண்பிள்ளைகள் வந்து நின்றனர். இதன் பயனாக 1910ஆம் ஆண்டிற் பெண்களுக்கெனத் தனி இயக்கம் அமைக்கப்பட்டது. பேடன் பவலின் சகோதரி அக்னஸ் அம்மையார் அதற்குத் தலைமை தாங்கினார். ‘கைட்ஸ்’ என்னும் அதன் பெயர், அக்கால இந்தியாவின் வடமேற்கு எல்லையிற் பணிபுரிந்த ஒரு படைப்பிரிவின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது.

பெண்பிள்ளைகள் அணிவகுத்து நடப்பதும், கூடாரத்திற் படுப்பதும், உரத்த குரலெழுப்புவதும் பெண்மைக்கு இழுக்கு என்று கருதியோர் அக்கால இங்கிலாந்திலும் பலர் இருந்தனர். அவ்வச்சத்தையும் மீறி இயக்கம் விரைந்து பரவிற்று. 1912ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரில் ஜூலியற் கோர்டன் லோ அம்மையார் அமெரிக்கச் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். நமது நாட்டில் 1917ஆம் ஆண்டிற் கண்டிப் பெண்கள் உயர்தரப் பாடசாலையில் முதற் சாரணியர் குழு அமைந்தது. 1928ஆம் ஆண்டிற் பல நாட்டு இயக்கங்களும் ஓர் உலகச் சங்கமாக ஒன்றுபட்டன.

சுற்றுப்பாட்டு

இனி, இவர்கள் பாடியவை எத்தகைய பாடல்கள் என்பதை நோக்குவோம். சாரணியர் பாட்டுக்களிற் பல வகையுண்டு. அணிவகுத்துச் செல்லும்போது பாடுவன சில. கையசைத்தும் மெய்யசைத்தும் பாடுவன சில. தீ அணையுந் தறுவாயில் மெல்லெனப் பாடுவன சில. இவ்வெல்லாவற்றுள்ளும் சிறந்ததாக யான் கருதுவது, ஆங்கிலத்தில் ‘றவுண்ட்’ எனப்படும் வகையாகும். அதனை நாம் சுற்றுப்பாட்டு எனலாம்.

சுற்றுப்பாட்டின் அமைப்பு மிக எளியது. பாட்டு ஒன்றே, மெட்டும் ஒன்றே. முதலாம் அணி பாட்டைத் தொடங்கி முதலடியை முடித்ததும், இரண்டாம் அணி அதே முதலடியைத் தொடங்கும். இவ்வாறே மூன்றாம் அணியும் நான்காம் அணியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஒரே மெட்டின் நான்கு அடிகளும் ஒரே வேளையில் ஒலிக்க, அவை தம்முள் இசைந்து பல்குரல் இன்னிசையாக அமையும். நமது சங்கீத மரபிற் பலர் கூடிப் பாடும்போது அனைவரும் ஒரு சுரத்தையே ஒருங்கு பாடுவர். ஆகவே, இம்முறை நம் செவிக்குப் புதியது. ஆயினும், ஒருமுறை அதில் நின்று பாடியவர் அச்சுவையை மறவார்.

இவ்வகை மிகப் பழமையானது. இங்கிலாந்திற் கிடைத்த மிகப் பழைய சுற்றுப்பாட்டு பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஏட்டுப் பிரதி ஒன்றில் உள்ளது. 1609ஆம் ஆண்டிலே தோமஸ் றேவன்ஸ்குறொப்ற் என்பார் இத்தகைய பாடல்களை முதன்முதலாகத் தொகுத்து அச்சேற்றினார். அதன் பின்னர் நெடுங்காலம் இவ்வகைப் பாட்டு மதுச்சாலைகளிலும் ஆடவர் கழகங்களிலுமே செழித்தது. 1761ஆம் ஆண்டில் இலண்டனில் இதற்கெனவே பிரபுக்களும் கனவான்களும் கூடி ஒரு கழகம் அமைத்தனர். அதில் ஆடவர் மட்டுமே உறுப்பினராயினர். ஆடவர் கிண்ணத்தைக் கையிலேந்திப் பாடி வந்த ஒருவகைப் பாட்டைப் பெண்பிள்ளைகள் பாசறைத் தீயண்டைக்குக் கொண்டுவந்து தமதாக்கிக்கொண்டது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவர்கள் அதனைத் தேர்ந்தமைக்குக் காரணமும் உண்டு. யான் கல்வி பயின்ற மிஷன் பாடசாலையிற் பாடகர் குழுவும் இருந்தது, சாரணியர் குழுவும் இருந்தது. பாடகர் குழுவிற் சேர வேண்டுமாயின் ஆசிரியை பியானோவின் அருகே நிறுத்திக் குரலைச் சோதிப்பார். மேற்குரல், கீழ்க்குரல் எனப் பிரித்துப் பல வாரம் பயிற்றுவார். குரல் அமையாதோர் சபையில் இருந்து கேட்பர். அதுவும் வேண்டியதே, செவ்விய கலை அவ்வாறே வளரும். ஆனால், சாரணியர் குழுவிற் குரல் அமையவில்லையென்று எவரும் விலக்கப்பட்டதில்லை. சுற்றுப்பாட்டுக்கு வாத்தியம் வேண்டாம், சுரம் எழுதிய புத்தகமும் வேண்டாம். இரண்டே நியதிகள் போதும்: தன் அடியை விடாது பிடித்தல் ஒன்று, அயலாள் அடியைச் செவியால் மதித்தல் மற்றொன்று. தன் குரலையே உரக்கச் செலுத்துபவள் பிறரைக் கேளாது தாளந் தப்புவாள். பிறரையே கேட்டுக்கொண்டிருப்பவள் தன் அடியை இழந்து அயலணியோடு இழுபட்டுப் போவாள். இரண்டுக்கும் நடுவே நிற்கப் பழகுதலே குழுவாழ்க்கை. அதனைச் சொற்பொழிவாற் கற்பிப்பதிலும் பாட்டாற் கற்பிப்பது எளிது.

பாட்டுக் கடல் கடந்த வழி

இப்பாடல்கள் நாடுவிட்டு நாடு சென்ற வழிகளும் அறியத்தக்கவை. 1932ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்து மலைநாட்டில் அடல்போடன் என்னும் ஊரிலே, உலகச் சாரணியர்க்கென ‘எங்கள் மலைமனை’ என்னும் கருத்துடைய பெயரோடு ஒரு தங்குமனை திறக்கப்பட்டது. அதற்குப் பொருளுதவியவர் ஹெலன் ஸ்ரோறோ என்னும் அமெரிக்கச் சீமாட்டி. நாட்டார் ஆடல்களில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. பல மொழி பேசும் பெண்கள் அங்கே ஒரு கூரையின்கீழ்த் தங்கினர். மொழி தெரியாதோர் உரையாட இயலாது. ஆனாற் சேர்ந்து பாட இயலும். எனவே ஒவ்வொருத்தியும் தன்னாட்டுப் பாட்டொன்றைக் கொடுத்து, பிறநாட்டுப் பாட்டுச் சிலவற்றைப் பெற்று ஊர் திரும்பினாள். பின்னாளில் மெக்சிக்கோவில் 1957ஆம் ஆண்டிலும், இந்தியாவின் பூனா நகரில் 1966ஆம் ஆண்டிலும் இத்தகைய மனைகள் எழுந்தன. பூனாவில் உள்ள மனைக்குச் ‘சங்கம்’ என்றே பெயர்.

வாய்வழி வந்த பாடல்களைத் தொகுத்து நூலாக்கியோரும் உளர். அவர்களுள் ஜனற் தொபிற் அம்மையாரின் பெயர் குறிப்பிடத்தக்கது. அமெரிக்கச் சாரணியர்க்காகப் பல பாட்டுத் தொகுதிகளை அவர் ஆக்கினார். 1946ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ‘டிற்றி பாக்’ என்னும் தொகுதியைப் பாசறைத் தலைவியர் பல்லாண்டு கையாண்டனர். ஒஹையோ மாநிலத்தின் டெலவெயர் நகரிலிருந்த ஒரு கூட்டுறவு அச்சகம் சட்டைப் பையில் அடங்கக்கூடிய பாட்டுப் புத்தகங்களை மலிவான விலையில் அச்சிட்டு வழங்கியது. பின்லாந்து நாட்டின் பெரும் இசைஞர் சிபேலியஸ் 1918ஆம் ஆண்டிற் சாரணர்க்கென அமைத்த ஒரு நடைப்பாட்டின் மெட்டே, பிற்காலத்தில் உலகச் சாரணியரின் பொதுப்பாட்டாயிற்று.

புத்தகமும் மனையும் இல்லாதவிடத்தும் பாட்டு வாழ்ந்தது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், வடசீனாவின் சீபூ நகரிலிருந்த மிஷன் பாடசாலை ஒன்றின் பிள்ளைகள், தாய் தந்தையர் வேறிடத்திலிருக்க, தம் ஆசிரியைகளோடு யப்பானியரின் காவலுக்குட்பட்டனர். 1943ஆம் ஆண்டில் அவர்கள் வெய்சியன் என்னும் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அம்முகாமிலே உணவு அரிது, குளிர் கொடிது. அவ்வாறிருந்தும் ஆசிரியைகள் சாரணியர் குழுவைக் கலைத்துவிடவில்லை. சிறு பிள்ளைகளின் ‘பிரௌனி’ அணியும் கூடியது, சின்னங்களுக்கான பயிற்சியும் நடந்தது, பாட்டும் ஒலித்தது. அம்முகாமில் வளர்ந்த மேரி பிறிவிற் என்பார் பிற்காலத்தில் நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபை உறுப்பினராயினார். முகாம் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதியவற்றிற் பாட்டின் நினைவு திரும்பத் திரும்ப வருகின்றது. 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆந் திகதி விடுதலை வரும் வரை, காவலர் பறிக்கவியலாத உடைமையாக அப்பிள்ளைகளிடம் இருந்தவற்றுள் பாட்டும் ஒன்று.

ஒரு பறவைப் பாட்டின் கதை

நிற்க. பாட்டு இவ்வாறு வாய்க்கு வாய் பரவும்போது ஒன்று நிகழ்கின்றது. பாட்டு வளர, பாட்டை ஆக்கியோர் பெயர் தேய்கின்றது. இதற்கு அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒரு வரலாறு தக்க சான்று.

மெல்பேர்ண் பகுதியிலுள்ள தூராக் கல்லூரியில் மரியன் சிங்கிளேயர் என்னும் அம்மையார் சங்கீத ஆசிரியையாக இருந்தார். 1932ஆம் ஆண்டில் அவர் குக்கபறா என்னும் பறவையைப் பற்றி ஒரு சுற்றுப்பாட்டு இயற்றினார். குக்கபறா மீன்கொத்தி இனத்தது. மனிதர் வாய்விட்டுச் சிரிப்பது போன்ற குரலுடையது. பாட்டின் மெட்டு, மேலைச் சங்கீதத்திற் ‘பார்’ எனப்படும் நான்கே தாளக் கட்டங்களில் அடங்கியது. 1934ஆம் ஆண்டில் விக்ரோறியா மாநிலச் சாரணியர் சங்கம், பாசறை நிலம் ஒன்று வாங்கப் பணந் திரட்டும் நோக்கத்தோடு ஒரு பாட்டுப் போட்டி நடத்திற்று. அதில் இப்பாட்டே பரிசு பெற்றது. பிறங்ஸ்ரன் நகரில் நடைபெற்ற பெரும் பாசறையிலே, பேடன் பவல் தம்பதியர் முன்னிலையில் அது பாடப்பட்டது.

அதன்பின் அப்பாட்டு உலகத்தைச் சுற்றிவந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகள் அதனைப் பாடினர். குக்கபறாவைக் கண்ணாற் காணாத எங்கள் பாடசாலை மாணவியரும் அதனைப் பாடினோம். எனக்கு அதனைச் சொல்லித்தந்த மூத்த மாணவிக்கு மற்றொரு மூத்த மாணவி சொல்லித்தந்தாள். அதனை ஆக்கியவர் யாரென்று அவ்வரிசையில் எவரும் கேட்டதுமில்லை, எவரும் சொன்னதுமில்லை. நாட்டார் பாடலென்றே உலகிற் பலர் அதனைக் கருதினர்.

மரியன் அம்மையார் 1988ஆம் ஆண்டில் மறைந்தார். 1990ஆம் ஆண்டில், லறிக்கின் என்னும் இசை வெளியீட்டு நிறுவனம் அப்பாட்டின் உரிமையை 6,100 அவுஸ்திரேலிய டொலருக்கு வாங்கியது. ‘மென் அற் வேர்க்’ என்னும் அந்நாட்டு இசைக்குழுவினர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்டு உலகப் புகழ்பெற்ற ஒரு பாட்டிலே, புல்லாங்குழலின் இசைத்துணுக்கு ஒன்று குக்கபறாப் பாட்டை ஒத்திருந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அதனைப் பெரிதாக எடுத்துப் பேசியோர் இல்லை. 2007ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சியொன்றில் அவ்வொப்புமை கேள்வியாக எழுந்தது, பின்னர் வழக்காயிற்று. போட்டிக்கு அனுப்பியதனாற் பாட்டின் உரிமை சாரணியர் சங்கத்துக்குப் போய்விட்டதா என்பதும் ஆராயப்பட்டது. போகவில்லை, அது நிறுவனத்திடமே உள்ளது என்று 2009ஆம் ஆண்டில் முடிவாயிற்று. 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில், பாட்டின் ஒரு பகுதி எடுத்தாளப்பட்டுள்ளது என நீதிமன்றம் தீர்த்தது. 2002ஆம் ஆண்டு முதலான வருவாயில் நூற்றுக்கு 5 வீதம் கொடுக்குமாறு அவ்வாண்டு யூலையிற் பணித்தது. நிறுவனம் கேட்டதோ நூற்றுக்கு 40 முதல் 60 வீதம். மேன்முறையீடும் 2011ஆம் ஆண்டிலே தள்ளுபடியாயிற்று.

இதிற் பிள்ளைகள் பாடுவதை எவரும் தடுக்கவில்லை என்பது உண்மை. ஆயினும், ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். மரியன் சிங்கிளேயர் என்னும் பெயரை உலகத்தார் பலர் அறிந்தது அவர் பாட்டினாலன்று, அவர் மறைந்து இருபதாண்டின் பின் எழுந்த வழக்கினாலாகும். பாடிய வாய்கள் அவரை மறந்தன, வழக்கேடுகள் நினைவுகூர்ந்தன.

பாட்டு யாருக்குரியது?

பாடுவோர்க்கே நேராக இடர் வந்த காலமும் உண்டு. 1996ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இசையமைப்பாளர், பாடலாசிரியர், வெளியீட்டாளர் ஆகியோரின் சங்கம், கோடைகாலப் பாசறைகளிற் பாடப்படும் உரிமையுள்ள பாடல்களுக்குக் கட்டணம் கேட்டது. சாரணியர் பாசறைகளும் அதில் அடங்கின. எப்பாட்டுக்குக் கட்டணம் உண்டு, எப்பாட்டுக்கு இல்லை என்று அறியமாட்டாத பாசறைத் தலைவியர் அஞ்சினர். பிள்ளைகள் சிலர் பாட்டொலி இல்லாமலே ஆடினர் என்னும் செய்தி பத்திரிகையில் வந்தது. பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். சங்கமும் பின்வாங்கியது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. ஆக்கியோனுக்குரிய மதிப்பை மறுப்பது நீதியன்று. பாடும் வாய்க்குப் பூட்டிடுவதும் நீதியன்று. இவை தம்முள் மாறுபட்டவை போலத் தோன்றினும், இரண்டையும் ஒருங்கே காத்த ஒரு மரபு நம்மிடம் உண்டு என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றேன்.

பெண்கள் கூடிப் பாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஒருத்தி மற்றொருத்தியைத் துயிலெழுப்பி அழைத்துச் செல்லும் பாங்கிலே அமைந்தவை திருவெம்பாவையும் திருப்பாவையும். மார்கழி வைகறையில் எண்ணிறந்தோர் பாடும் திருப்பாவையின் ஈற்றுப் பாட்டிலே ஆண்டாள் தம் பெயரைப் பொறித்து வைத்தார். திருஞானசம்பந்தரும் தம் பதிகங்களின் ஈற்றிலே, திருக்கடைக்காப்பு எனப்படும் பாடலில், தம் பெயரை அமைத்தார். பாடுவோர் எவராயினும், ஓலை கிடைப்பினும் கிடையாவிடினும், பாட்டை முழுமையாகப் பாடும்போது பாடியவர் பெயரும் உடன் வந்துவிடும். கட்டணமும் இல்லை, மறதியும் இல்லை. இதனினும் நேரிய ஏற்பாடு வேறு யாது?

அத்தகைய மரபில் வந்த நாம் இன்று செய்வது என்ன? நமது பாடசாலைச் சாரணியர் குழுக்களுக்கும், மாதர் சங்கங்களுக்கும், வாலிபர் சங்கங்களுக்கும் நம் ஆசிரியைகள் இயற்றித் தந்த பாடல்கள் பல. ஆங்கில மெட்டுக்குத் தமிழ்ச் சொல் அமைத்தனவும், கும்மி மெட்டில் எழுந்தனவும், பாசறை செல்லும் வண்டியிலிருந்தவாறே இட்டுக்கட்டியனவும் அவற்றுள் உண்டு. அவற்றிற் பெரும்பாலன அச்சேறவில்லை. ஆக்கியோர் பெயர் பாடுவோர்க்குத் தெரியாது. இடப்பெயர்வுகளிற் கையேடுகள் தொலைந்த வீடுகளும் பல. பாடிய மூத்தோர் ஒவ்வொருவராக மறைய, அப்பாடல்களும் அவர்களோடு மறைகின்றன. இவற்றின்மேல் எவரும் வழக்குத் தொடுக்கப்போவதில்லை. ஆகையால் வழக்கேடும் இவற்றைக் காப்பாற்றாது.

ஆதலால் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாயாரிடமும் பாட்டியாரிடமும் அவர்கள் பள்ளிக் காலத்திற் பாடிய குழுப்பாடல்களைக் கேட்டு எழுதுங்கள். மெட்டைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்யுங்கள். யார் இயற்றினார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பவற்றைத் தலைப்பிலேயே குறியுங்கள். மூத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள். நினைவிலுள்ள அடி ஒன்றேயாயினும், “குரல் போய்விட்டது பிள்ளை” என்று கூறி மறுத்துவிடாதீர்கள். சுற்றுப்பாட்டில் ஓர் அணி தொடங்கினால் அன்றோ மற்ற அணி தொடரவியலும்? நீங்கள் முதலடியைத் தாருங்கள்; அடுத்த அணி காத்து நிற்கின்றது.